மண்ணூர்பேட்டை ஜெர்மன்காரி

ஆமா சார், ஜெர்மன்காரி ஊடு இதான். தாட்சாயிணின்னு கேட்டா இந்தத் தெருவுல யாருக்கும் தெரியாது, ஜெர்மன்காரின்னா ஒடனே கை காட்டுவாங்க. உள்ள வா. அந்த நாற்காலி வாணாம் சார், அதுக்கு ஒரு காலு நொண்டி, இந்த ஸ்டூல்ல குந்து. தொப்பியக் கழட்டி அப்டி வெச்சிக்கோ. ஃபேனு இப்பத்தான் நின்னுச்சி, கரண்டு வந்தா தானா சுத்தும். கொஞ்சம் மெதுவா மட்டும் பேசு, ஏணைல கொயந்த தூங்கிக்கினு கீது.

அவ இல்ல சார், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல ஒரு கம்பெனில டைப் அடிக்கறா. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி அனுப்பறேன், மூஞ்சியப் பாத்துக்கோ. மத்ததெல்லாம் என்னியே கேளு. பெத்தவ எனுக்குத் தெரியாததா? அவங்க அப்பாவா? அவரு மொத ஷிப்ட்டு. சங்கு ஊதினா வந்துடுவாரு. அவரு வர்றதுக்குள்ள நீ எயுதி முடிச்சிக்கினு கெளம்பிட்டா நல்லது சார். இன்னாடா போலீஸையே தொரத்தறாளேன்னு கோச்சிக்காத. அவருக்கு இந்தப் பாஸ்போர்ட்டு சமாச்சாரம் தெரியாது.

அட, ஏன் பேனாவ மூடற? பொண்ணு மேஜரு சார். அவ கையெயுத்து அவ போடலாம்னு அவ காலேஜி மிஸ்ஸு சொல்லிச்சி. அப்பன்காரன் கையெயுத்து வேணும்னு அதுல எங்கனா போட்டுக்கீதா, பாத்து சொல்லு. இல்லல்ல? அப்பறம் இன்னா. பேனாவத் தொற.

படிப்பா? பி.ஏ. சார். பி.ஏ. ஜெர்மன். டவுன்ல ஒரு லேடீஸ் காலேஜி. பாத்தியா, நீயும் சிரிக்கற. சிரிச்சிக்கோ, நானே சிரிச்சவதான். மெய்யாலுமே அப்டி ஒரு படிப்பு கீது சார். நாங்க பி.காம்தான் கேட்டுக்கினு போனோம். மார்க்கு பத்தல. ஆபீஸ் ரூம்ல குந்திக்கினு இருந்த அம்மா கண்ணாடிய எறக்கி எங்க ரெண்டு பேரையும் ஒரு பார்வ பாத்துட்டு, ஹிஸ்டரி கீது, ஜெர்மன் கீது, எது வேணும்னு கேட்டுச்சி. காப்பி கிளப்புல இட்லியா பூரியான்னு கேப்பானே, அது மாதிரி. இவ என்னியப் பாக்கறா. எனுக்கு இன்னா தெரியும்? ஹிஸ்டரின்னா ராஜா செத்த கத, அத்தப் படிச்சி இன்னா பண்றது? ஜெர்மன்னா மிஷினு. எங்க எஸ்டேட்டுல நல்ல மிஷின் எதுவா இருந்தாலும் ஜெர்மன் மிஷினு, ஜெர்மன் மிஷினுன்னுதான் சொல்லுவாங்க. சரி, இது மிஷினு படிப்புன்னு நெனச்சிக்கினு, ஜெர்மனே குடும்மான்னுட்டேன். தெருவெல்லாம் சொல்லிக்கினு வந்தேன், எம்பொண்ணு மிஷினு படிக்கறான்னு. ஆறு மாசம் கயிச்சித்தான் சார் தெரியுது, அதுல ஒரு மிஷினும் இல்ல, வெறும் பாஷ.

எனுக்கு வந்துச்சி பாரு கோவம். ஒரு பாஷைய மூணு வருஷமா படிப்பாங்க? எதிரூட்டு ரெட்டியாரம்மா கூட பைப்பாண்ட சண்ட போட்டே நான் தெலுங்கு கத்துக்கினேன், துட்டு செலவில்லாம. அத்த சொன்னேன் அவகிட்ட. பாஷ மட்டும் இல்லமா, அந்த ஜனங்க இன்னா துன்றாங்க, எப்டிக் கண்ணாலம் கட்றாங்க, எப்டி சாமி கும்பிடறாங்க, அவங்க பாட்டு, கத, அவங்க போட்ட சண்ட, சண்டைல பண்ண அக்குறும்பு, எல்லாத்தையும் படிக்கணும்னா. அங்க ஒருத்தர் ஊட்டுக்குப் போறதா இருந்தா மொதல்ல கேட்டுட்டுத்தான் போவணுமாம் சார். எத்தினி மணின்னு சொன்னமோ அத்தினி மணிக்குத்தான் போய் நிக்கணுமாம். எங்க நாத்தனாரு கன்னியம்மா மாதிரி, சோறு வடிக்கற நேரம் பாத்து கூடைய எட்துக்கினு வந்து குந்த முடியாது. அந்த ஒண்ணு எனுக்கு ரொம்பப் புட்ச்சிது.

அப்பறம் அந்தத் தொண்டச் சத்தம். கண்ணாடி முன்னாடி நின்னுக்கினு காறித் துப்பற மாதிரி ஒரு சத்தம் பழகுவா. எங்க ஊட்டுக்காரரு, ஜம்புலிங்கம்னு எயுதிக்கோ சார், பேரு, அவரு பொண்ணுக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சின்னு ஏரிக்கரையெல்லாம் தேடி தூதுவள பறிச்சாந்தாரு. நானும் தெனம் ரசம் வெச்சி ஊத்தறேன், அதுவும் வாயத் தொறக்காம குடிக்குது. கடைசில பெரியவதான் வயித்தப் புட்ச்சிக்கினு சிரிச்சா. யம்மா, அது சளி இல்ல, பாடம்னு.

பெரியவளா? சொல்றேன் சார், இரு. ஒண்ணொண்ணா கேளு.

இன்னா, எந்த நாட்டுக்குப் போறான்னு கேட்டியா? ஜெர்மனிதான். மேக்கா, கெயக்கான்னு இப்ப கெடையாது சார், ஒரே ஜெர்மனின்னு எயுதிக்கோ. அதுவும் ஒரு கூத்து. இவ புஸ்தகத்துல ரெண்டு நாடு. நடுவுல ஒரு செவுரு. கடைசி வருஷம் படிக்கறப்ப அத்த இட்ச்சிட்டாங்க. எங்கூட்ல டிவி இல்ல, ரெட்டியாரம்மா ஊட்ல போயி பாத்தா. வெள்ளக்காரப் பசங்க செவுத்து மேல ஏறி நின்னுக்கினு சுத்தியால தட்றானுங்க, இவ இங்க கீய குந்திக்கினு தேம்பித் தேம்பி அய்வுறா. எனுக்கு ஒண்ணியும் புரியல. எங்களுக்கும் பங்காளிக்கும் நடுவுல ஒரு செவுரு கீது, அத்த எவனாவது இட்ச்சா நானும் அய்வேன், இவளுக்கு இன்னா? பரிச்சைல மட்டும் புஸ்தகத்துல கீற மாதிரி ரெண்டு நாடுன்னே எயுதுங்கன்னு மிஸ்ஸு சொல்லிச்சாம். ரெண்டுன்னு எயுதி பாஸ் பண்ணா. பட்டத்த வாங்கறதுக்குள்ள ஒண்ணாயிடுச்சி. இவ படிச்ச படிப்புக்கு நாடே நிக்க மாட்டேங்குதுன்னு எங்க ஊட்டுக்காரரு தலையில அட்ச்சிக்கினாரு.

ஏன் ஜெர்மன்காரின்னு பேரு வந்துச்சின்றியா? அது அந்த மிஷினாலதான் வந்துச்சி. நான் நெனச்சது மொத்தமாப் பொய்யாவல சார். பாஸ் பண்ண பொறவு எஸ்டேட்டுல ஒரு கம்பெனிக்கு அந்த ஊரு மிஷினு வந்து எறங்குச்சி. கூடவே அத்தப் பூட்டறதுக்கு ஒரு வெள்ளக்காரன். பனமரம் ஒசரம் கீறான். அவனுக்கு இங்கிலீஷ் அவ்ளோவா வராது, இங்க கீறவங்களுக்கு அவன் பாஷ வராது. மண்ணூர்பேட்டைலயே ஒரு பொண்ணு கீதுன்னு யாரோ சொல்லி இவளக் கூப்ட்டாங்க. போனா. அவன் சொல்றத இவ தமிழ்ல சொல்ல, இவங்க கேக்கறத அவன் பாஷைல கேக்க, மிஷினு ஓட ஆரம்பிச்சிடுச்சி. நீ இன்னாம்மா எங்க பாட்டன் காலத்துப் புஸ்தகம் மாதிரி பேசறன்னு அவன் சிரிச்சானாம். ஆனா கடைசி நாளு கம்பெனி கேட்டாண்ட நின்னு கை குடுத்து, எளநி வாங்கிக் குட்தான் பாரு, அதான் வெனையாப் போச்சி. ஷிப்ட்டு உட்ற நேரம். ஊரே பாத்துக்கினு போவுது. ஒல வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? பொயுது சாயறதுக்குள்ள நாத்தனாரு காதுக்குப் போயிடுச்சி. மறுநாளே வந்துட்டா, கூடைய எட்துக்கினு. அந்த பாஷைல இங்க யாரு கூடடி பேசப்போற, பாரிவாக்கம் ஏரில நிக்குதே கொக்கு, அது கூடவான்னு கேட்டா. இவளுக்கு அந்தக் கம்பெனிலதான் அப்பறம் டைப் அடிக்க வேல குட்தாங்க.

பசங்க எத்தினின்னு எயுதணுமா? ரெண்டு பொண்ணு. இல்ல, இரு, ஒண்ணுன்னு எயுது. உயிரோட கீறது ஒண்ணுதான்.

பெரியவ பேரு வடிவு. இதே கன்னியம்மா மவனுக்குத்தான் கட்டிக் குட்தோம். எங்க ஊட்டுக்காரருக்குக் கூடப்பொறந்த அக்கா, தாயில்லாத அவரத் தூக்கி வளத்தவ. அவ பேச்ச அவரு தட்ட மாட்டாரு. சொந்தத்துல கட்டினா பொண்ணு நம்ம கண்ணு முன்னாடியே இருக்கும்னாங்க. பாரிவாக்கம் தாண்டி உள்ள போவணும், அவங்க ஊடு. மருமவன் லேத்து பட்டற வெச்சிக்கினு கீறான். போன தை மாசம் சார். பொங்கல் கயிஞ்சி. ஸ்டவ்வு வெடிச்சிடுச்சின்னு ஸ்டேஷன்ல எயுதினாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி. ஏணைல தூங்குதே, அது அவ கொயந்ததான்.

அத்த உடு சார். நீ பேனாவ வெச்சிட்டு மூஞ்சிய அப்டி வெச்சிக்காத. அய்து முடிச்சாச்சி. இப்ப கீறவ சமாச்சாரத்தப் பாப்போம்.

இன்னாது, முக்குல டீக்கடைல சொன்னாங்களா? ஐப்பசில கண்ணாலம்னு? சொல்லிட்டானுங்களா. அதான பாத்தேன், உள்ள நொயயும்போதே ஒரு மாதிரி பாத்தியே. ஆமா சார். பொய் இல்ல. தாம்பூலம் மாத்தியாச்சி. பொரட்டாசில நல்ல காரியம் பண்ண மாட்டாங்க, அது முடிஞ்சதும் ஐப்பசில மொத முகூர்த்தம். மாப்ள யாரா? வேற யாரு, பெரியவ புருஷன்தான்.

உங்க ஊரு எது சார், தெக்கத்திப் பக்கமா? அங்கயும் இந்தப் பழக்கம் கீதில்ல? எல்லா ஊர்லயும் கீது. அக்கா செத்துட்டா தங்கச்சியக் கட்டி வெக்கறது. வெளிலேர்ந்து ஒருத்தி வந்தா கொயந்தையக் கொடுமப் பண்ணுவா, சித்தின்னா பெத்தவ மாதிரி பாத்துப்பான்னு சொல்லுவாங்க. கேக்கறதுக்கு நியாயமாத்தான் கீது. கன்னியம்மா வருஷத் திதி வரைக்கும்கூட காத்துக்கினு இல்ல. ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே வந்து தம்பிகிட்ட கேட்டுட்டா. அவரு சரின்னுட்டாரு. அதுவும் ஊரெல்லாம் எளநி கத தெரிஞ்ச பொண்ணு, வேற எவன் கட்டுவான்னு அவருக்குப் பயம்.

இவ மாட்டேன்னுட்டா. அப்பன் முன்னாடி நின்னு மாட்டேன்னுட்டா சார். எங்கூட்ல யாரும் அவர எதுத்து அப்டிப் பேசினது கெடையாது. வேலைய உட்டு நிறுத்திடுவேன், ரூம்ல போட்டுப் பூட்டிடுவேன்னு அவரு குதிச்சாரு. அப்பத்தான் அந்த அன்னம்மா மிஸ்ஸு, அதான் இவளுக்கு ஜெர்மன் சொல்லிக் குட்த மிஸ்ஸு, அது ஒரு வழி சொல்லிச்சி. ஜெர்மனில ஒரு குடும்பம். புருஷனும் பொண்டாட்டியும் வேலைக்குப் போறவங்க. அவங்க ஊட்ல தங்கிக்கினு அவங்க கொயந்தையப் பாத்துக்கணும், ஊட்டு வேல கொஞ்சம் கூடமாட செய்யணும். அவங்க சோறு போட்டு, கைச்செலவுக்கும் குடுப்பாங்க. சாயங்காலத்துல பள்ளிக்கொடம் போயி அந்தப் பாஷைய இன்னும் மேல படிக்கலாம். ஒரு வருஷம். டிக்கெட்டு அவங்களே போடறாங்க.

நான் நாலு ஊட்ல பாத்திரம் தேய்க்கறவ சார். அண்ணா நகர்ல. இவளுக்கு புஸ்தகம், பஸ் பாஸு, தாவணி, எல்லாம் அந்தக் கைதான் குட்துது. எம்பொண்ணு பட்டம் வாங்கி, பிளேன் ஏறி, கடலத் தாண்டிப் போயி, இன்னா வேல செய்யப் போறான்னா, நான் இங்க 47-ஆம் நம்பர் பஸ்ல போயி செய்யற வேலைய. எனுக்குத் தாங்கல. அவங்க ஊட்டு போட்டோ வந்துச்சி, காட்னா. நல்ல ஊடுதான், வாசல்ல பூச்செடியெல்லாம் வெச்சிக்கீறாங்க. இதாம்மா எனுக்குக் குடுக்கற ரூம்புன்னு ஒண்ணு காட்னா. சின்னதா ஒரு கட்டிலு, பக்கத்துலயே துணி தேய்க்கற பலக. அத்தப் பாத்ததும் எனுக்கு ஆங்காரம் வந்துடுச்சி. இதுக்கா நீ மூணு வருஷம் தொண்டைல கத்தினன்னு கேட்டு, கன்னத்துல ஒண்ணு வெச்சிட்டேன்.

அவ அய்வல சார். இங்கயும் ஒரு கொயந்தையப் பாத்துக்கச் சொல்றீங்க, அங்கயும் ஒரு கொயந்தையப் பாத்துக்கச் சொல்றாங்க. அங்க ஒரு வருஷத்துல போன்னுடுவாங்கமா. ராத்திரில என் ரூம்புக் கதவ நான் உள்ள தாப்பா போட்டுக்கலாம்னா. நான் போயி அடுப்பப் பாத்தேன். மறுநா காலைல நானே அவ கூட பஸ் ஏறிப் போயி பாஸ்போர்ட்டுக்குப் போட்டுட்டு வந்தேன்.

அப்பறம் ஏன் தாம்பூலம் மாத்தினன்னுதான கேக்கற? கேப்பன்னு தெரியும். சார், நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா இன்னா நடந்திருக்கும்? அன்னிக்கே அவரு இவளப் பூட்டியிருப்பாரு. கன்னியம்மா கொயந்தையத் தூக்கிக்கினு போயிருப்பா. பாஸ்போர்ட்டு வர நாளாவும்னு மிஸ்ஸு சொல்லிச்சி. அதுவரைக்கும் அவங்க வாய அடைக்கணும். அதான் நானே முன்னாடி போயி தட்ட நீட்டினேன். பொண்ண நான் வழிக்குக் கொண்டாரேன் அண்ணின்னேன். பொடவ வாங்கறதுக்குப் போயி, அரக்கா பச்சையான்னு அரை நாளு பேசினேன். கன்னியம்மா மனசு குளுந்துபோயி, கண்ணாலம் வரைக்கும் கொயந்த உங்கூட்லயே இருக்கட்டும்னு உட்டுட்டுப் போயிட்டா.

இவளுக்குத் தெரியாது. எம்மவளுக்கு. அவ நெசம்னு நெனச்சிக்கினா. நான் மாறிட்டேன்னு நெனச்சிக்கினு கீறா. தட்டு மாத்தின நாள்லேர்ந்து எங்கூடப் பேசறதில்ல சார். சோத்தப் போட்டா துன்றா, தட்டக் கயிவி வெச்சிட்டுப் போறா. அம்மான்னு ஒரு வார்த்த இல்ல. என்னிய வேலைக்காரியப் பாக்கற மாதிரிகூட இல்ல, அந்த நொண்டி நாற்காலியப் பாக்கற மாதிரி பாக்கறா.

சொல்லிடலாமேன்ற. சொல்ல முடியாது சார். நெசத்த சொன்னா அவ போவ மாட்டா. நான் போனா உன்ன இன்னா பண்ணுவாங்களோ, கொயந்தைய யாரு பாப்பாங்கன்னு ஏர்போட்டு வாசல்லயே திரும்பிடுவா. இந்தக் கொயந்த இப்பல்லாம் அவளத்தான் ம்மான்னு கூப்புடுது. கோவத்தோட இருந்தாத்தான் காலத் தூக்கி வெப்பா. அதான் திட்டட்டும், காறித் துப்பட்டும்னு உட்டுட்டேன். எனுக்கு வலிக்கலயான்னா, வலிக்குது சார். வாயத் தொறந்து யாருகிட்டயாவது சொல்லணும் போல கீது. நீ ஊரு பேரு தெரியாத மனுசன், பேனாவ வெச்சிக்கினு வந்து குந்திக்கினு எல்லாத்தையும் கேட்ட. சொல்லிட்டேன்.

அதானே, மாப்ள சொந்தம், பட்டற கீது, ஒரு பொண்ண இதே ஊட்லதான குட்தீங்க, இப்ப மட்டும் ஏன் இவ்ளோ பயப்படறன்ற. சரியான கேள்வி.

எனுக்கு ஒரே ஒரு வார்த்த ஜெர்மன் தெரியும், சொல்லட்டா? இஷ் ஹாபெ ஆங்ஸ்ட். தப்பா சொல்றேனோ இன்னாவோ. பெரியவ பத்தாவதோட நின்னுட்டா சார். இவ காலேஜி போவ ஆரம்பிச்சப்ப, புஸ்தகத்த வெச்சிக்கினு கேள்வி கேக்கறது பெரியவ வேல. கேட்டுக் கேட்டு அவளுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சி. கண்ணாலத்துக்கு அப்பறமும் இங்க வந்தா, மாமியாரு எதிர்லயே ரெண்டும் அந்தப் பாஷைல ஒண்ணு ரெண்டு போட்டுக்கினு சிரிக்கும். கன்னியம்மாவுக்கு மூஞ்சி செவந்துபூடும். கடைசியா தீவாளிக்கு வந்தா. மாமியாரு பக்கத்துலயே குந்திக்கினு கீறா. வட துன்னுக்கினே பெரியவ இத்த சொன்னா, இஷ் ஹாபெ ஆங்ஸ்ட்னு. சின்னவ சிரிச்சிட்டு, அப்டி இல்லக்கா, தொண்டைலேர்ந்து வரணும், இன்னொரு தபா சொல்லுன்னா. அவ இன்னொரு தபா சொன்னா. நானும் சிரிச்சேன். பொண்ணுங்க ரெண்டும் சந்தோசமா கீதுங்கன்னு.

எனுக்குப் பயமா கீதுன்னு அர்த்தமாம் சார். காரியம் முடிஞ்ச அன்னிக்கி எம்மடில தலைய வெச்சிக்கினு சின்னவ சொன்னா. அவ நெசத்த சொன்னாமா, நான் மிஸ்ஸு மாதிரி திருத்திக்கினு இருந்துட்டேன், காதுலயே வாங்கலமான்னு. அத்தோட இந்தப் பாஷையத் தல முயுவிடுவான்னு நெனச்சேன். உடல. கொல்லைல துணி தொவைக்கறப்பல்லாம் தனியா அந்தப் பாஷைல பேசிக்கினே இருப்பா. யாருகிட்டன்னு நான் கேட்டதில்ல.

இரு சார், ஒரு டீ போடறேன். இல்ல இல்ல, குடிச்சிட்டுத்தான் போவணும், எனுக்கும் தொண்ட காஞ்சிடுச்சி. பால் கீது. இந்த ஸ்டவ்வு கொஞ்சம் சத்தம் போடும், பம்ப் அட்ச்சாத்தான் புடிக்கும். தோ, பின்னு குத்தி உட்டேன், பாரு, நீலமா எரியுது.

இன்னா சார் எயுந்துட்ட? குந்து, ஒண்ணும் ஆவாது. ஓ, அதுவா. ஸ்டவ்வால பொண்ணப் பறி குட்தவ, எப்டி இத்தத் தொட்டுப் பத்த வெக்கறான்னு பாக்கறியா.

இது வடிவு ஊட்டு ஸ்டவ்வுதான் சார். கண்ணாலமாயி மறு வருஷம், நான் வேல செய்யற ஊட்டு ஐயா கையில கால்ல உயுந்து அவளுக்கு சிலிண்டரும் அடுப்பும் வாங்கிக் குட்தேன். அந்தத் தெருவுலயே மொத சிலிண்டரு அவளுதுதான். கேஸு கீதுன்னு ரேஷன் கார்டுல சீல் குத்திட்டான், அதுக்கப்பறம் அந்த ஊட்டுக்குக் கிருஷ்ணாயிலே கெடையாது. இனிமே இது எனுக்கு இன்னாத்துக்குமா, நீ எட்துக்கினு போன்னு அவதான் தொடச்சித் தூக்கிக் குட்தா. அந்த ஊட்ல இருந்தது இந்த ஒரே ஸ்டவ்வுதான். அப்ப புடிச்சி இங்கதான் கீது, போன தைலயும் இங்கதான் இருந்துச்சி.

இல்ல சார், நான் யாருகிட்டயும் சொல்லல. யாரும் என்னியக் கேக்கல. எங்க ஊட்டுக்காரரத்தான் கூப்ட்டாங்க, அவருகிட்டதான் கையெயுத்து வாங்கினாங்க. என்னியக் குந்த வெச்சி, நீ யாரு, ஒனுக்கு எத்தினி பொண்ணுன்னு கேட்ட மொத போலீஸு நீதான்.

தோ, சங்கு ஊதுது. டீய சூட்டோட குடி. குடிச்சிக்கினே எயுதி முடிச்சிடு சார், அவரு வந்துடுவாரு.